இரண்டு வேலை பார்த்த சொல்

செவல்குறிச்சி அரசு ஆஸ்பத்திரியில் பேஷண்ட் என்கிற சொல் தன்னுடைய இரண்டாவது வேலையையும் பார்க்கத் தொடங்கிய அந்தத் திங்கட்கிழமை காலையில், ஓ.பி. சீட்டு கொடுக்கும் சன்னலுக்கு முன்னால் வழக்கம்போலப் பாதி ஊர் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தது. நடுவில் புகுந்தவனை முன்னால் நின்றவள் ஏசினாள், பின்னால் நின்றவர் இரண்டு பேரையும் சேர்த்து ஏசினார், இருமலுக்கு வந்தவர்கள் இருமிக்கொண்டே ஏசினார்கள், சீட்டு எழுதுகிற பால்துரை சன்னலுக்குள் இருந்தபடியே எல்லோருக்கும் பொதுவாகப் பதிலுக்கு ஏசினான். அந்த இரைச்சலுக்கு நடுவே முதல் சீட்டை வாங்கியவர், அதைக் கையில் பிடித்த மாத்திரத்தில் பேச்சை நிறுத்தி, யாரையும் இடிக்காமல் ஒதுங்கி நடந்து, பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து, கூப்பிடும்போது கூப்பிடட்டும் என்று கைகளை மடியில் வைத்துக்கொண்டார். அடுத்த சீட்டை வாங்கியவளும் அப்படியே செய்தாள், அதற்கடுத்தவரும் அப்படியே செய்தார், வெயில் ஏறுவதற்குள் சீட்டு வாங்கிய அத்தனை பேரும் வராந்தாவில் வரிசையாக அமர்ந்திருந்தார்கள். யாருக்கும் காய்ச்சல் இறங்கவில்லை, பல்வலி நிற்கவில்லை, கால் புண் ஆறவில்லை. ஆனால் மழைக்குக் காத்துக் கிடக்கும் செவக்காடுபோல அவர்களால் காத்திருக்க முடிந்தது. சீட்டு இல்லாமல் துணைக்கு வந்தவர்கள் மட்டும் கொஞ்ச நேரம் தனியாகச் சண்டை போட்டுப் பார்த்துவிட்டு, எதிர்ப்பேச்சு இல்லாத சண்டையில் ருசி இல்லை என்று அவர்களும் அடங்கிப்போனார்கள்.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை என்று முதலில் சொன்னவர் மேல்நிலைப்பள்ளியின் இங்கிலீஷ் டீச்சர் ரெஜினாதான். குதிகால் வலிக்கு அவரும் அன்று சீட்டு வாங்கியிருந்தபடியால், கேட்ட ஒவ்வொருவருக்கும் சலிக்காமல் முதலிலிருந்து விளக்கினார்.

"நம்ம பேச்சுல ஒரு பெயர்ச்சொல்லு பெயரடையா மாறணும்னா அதுக்கு ஒரு வாலு வேணும். அழகு, அழகான பொண்ணு. சூடு, சூடான சோறு. இங்கிலீஷ்ல சில சொல்லுக்கு வாலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். காலையில போட்ட அதே சட்டையோட ரெண்டு ஆபீசுக்கு வேலைக்குப் போயிட்டு வந்துரும். பேஷண்ட்னா நோயாளி. பேஷண்ட்னா பொறுமையானன்னும் அர்த்தம். இத்தனை வருசமும் இந்த ஊர்ல அது ஒத்த வேலைதான் பாத்துக்கிட்டு இருந்தது. இன்னைக்கு ரெண்டாவது வேலைக்கும் வந்து கையெழுத்துப் போட்டிருக்கு."

இது எல்லோருக்கும் நியாயமாகவே பட்டது. அப்படியானால் இதே மாதிரி மற்ற சொற்களும் வேலைக்கு வருமா என்று ஊரார் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள். கோல்ட் என்றால் சளி, கோல்ட் என்றால் குளிர்ந்த என்று டீச்சர் சொன்னதை வைத்து, சளி பிடித்த ஒருவரின் கையில் தண்ணீர்ச் செம்பைக் கொடுத்து உட்காரவைத்தார்கள். தண்ணீர் முன்னைவிட வெதுவெதுப்பாகத்தான் ஆனது. லைட் என்றால் விளக்கு, லைட் என்றால் எடையில்லாத என்றதும் தெருவிளக்கின் நேர் கீழே உரமூட்டையை வைத்துத் தூக்கிப் பார்த்தார்கள்; தூக்கியவருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது, அவரும் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சீட்டு வாங்கிப் பொறுமையாக உட்கார்ந்தார். ஆக அந்த ஒரு சொல்தான் என்று முடிவாயிற்று.

அதன் பிறகு ஊர் அந்தச் சொல்லைப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டது. முன்கோபக்காரப் புருசன்களைப் பெண்கள் தலைவலி என்று சொல்லிக் கூட்டிவந்து சீட்டு வாங்கிக்கொடுத்துக் கூட்டிப்போனார்கள். சீட்டு செல்லுகிற வரைக்கும் வீட்டில் தட்டு பறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து மகன் கூப்பிடக் காத்திருந்த தாய்மார்கள் முழங்கால் வலி என்று வந்தார்கள், பரீட்சை முடிவுக்குக் காத்திருந்த பிள்ளைகள் வயிறு சரியில்லை என்று வந்தார்கள், வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைந்த பங்காளிகள் இரண்டு தரப்பும் ஒரே நாளில் வாய்வுத் தொல்லை என்று வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்து, அதற்கு முன் எந்த வக்கீலாலும் உட்காரவைக்க முடியாத அளவுக்கு நெருக்கமாக உட்கார்ந்து, வரப்பை எங்கே போடுவது என்று பேசி முடித்துவிட்டே எழுந்தார்கள். அம்மன் கோயில் கொடைக்கு முதல் மரியாதை யாருக்கு என்ற பழைய சண்டை, கமிட்டியார் எல்லோரும் கழுத்துச் சுளுக்குக்குச் சீட்டு வாங்கிய அன்றைக்குத் தீர்ந்தது. சந்தோசப்படாதவர் டீக்கடைக்காரர் மட்டும்தான். வாக்குவாதம் இல்லாத ஊரில் இரண்டாவது டீயை யார் குடிப்பார்கள் என்று அவர் கேட்டார்.

இன்னொருத்தியும் இருந்தாள். மாவு மில் முத்தாரி.

முத்தாரிக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக்கொடுத்துவிட்டு மில்லே கதியென்று இருந்தாள். மிளகாய் அரைக்கும் மிசினுக்கும் அரிசி அரைக்கும் மிசினுக்கும் நடுவில் நின்று இருபது வருசம் பேசியதில் அவள் குரல் இரண்டு மிசினையும் தாண்டிப் போகும். பஸ் தாமதமானால் அவள்தான் கேட்பாள், குழாயில் தண்ணீர் வராவிட்டால் அவள்தான் கேட்பாள், கேட்ட கேள்விக்குப் பதில் வருவதற்குள் அடுத்த கேள்வியையும் கேட்டுவிடுவாள். அவள் புருசன் சிவனணைந்தபெருமாள் அதற்கு நேர்மாறு. மேற்கே காற்றாலைக் காட்டில் வாட்ச்மேன் வேலை, பகல் முழுக்கப் பேச ஆளில்லை, வீட்டுக்கு வந்தால் பேச இடமில்லை. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை.

ஊரே சீட்டு வாங்கிக்கொண்டிருந்தபோது முத்தாரி ஆஸ்பத்திரிப் பக்கமே போகவில்லை. "எனக்கு ஒரு நோவும் கெடையாது. இருந்தாலும் எவன்கிட்டயும் போயி பொறுமைய வாங்கி மடியில கட்டிக்கிட மாட்டேன்" என்றாள்.

அமைதியாக மாதங்கள் போயின. அந்த அமைதியில் சில காரியங்கள் யாருக்கும் தெரியாமல் நடந்தன. ஆஸ்பத்திரியில் மூன்று டாக்டர் இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். புகாரே வராத ஆஸ்பத்திரிக்கு எதற்கு இரண்டு பேர் என்று மேலிடத்தில் ஒருவரை வேறு ஊருக்கு மாற்றினார்கள். டாக்டர் செண்பகவல்லி ஒருத்தியாக நின்று எல்லோரையும் பார்த்தாள், யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை என்பதால் யாருக்கு அவசரம் என்பதே அவளுக்குத் தெரியாமல் போயிற்று. ரத்தம் சோதிக்கும் அறை மத்தியானத்தோடு பூட்டப்பட்டது. டயர் வெடித்த ஆம்புலன்ஸ் செங்கல்லின் மேல் நின்றது, அதன் கூரையில் கோழிகள் அடைந்தன. மாவட்டத்திலேயே நல்ல ஆஸ்பத்திரி என்று ஒரு கேடயம் வந்தது, அதைச் சீட்டு சன்னலுக்கு மேலே ஆணியடித்து மாட்டினார்கள்.

அந்தக் கேடயத்துக்கு நேர் கீழே உட்கார்ந்துதான் வாழைத்தார் வியாபாரி கோயில்பிள்ளை செத்துப்போனார். நெஞ்சு கரிக்கிறது என்று வந்தவர், சீட்டு வாங்கி, தன் முறைக்காகக் காத்திருந்து, முறை வந்து கூப்பிட்டபோது எழுந்திருக்கவில்லை. வலித்திருக்கும், கட்டாயம் வலித்திருக்கும், ஆனால் அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, பக்கத்தில் இருந்தவர்களுக்கு அவர் முகம் வேர்த்தது தெரிந்திருந்தது, அவர்களும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லோர் கையிலும் சீட்டு இருந்தது.

துட்டி கேட்க இழவு வீட்டில் ஊர் கூடியது. யாருக்கும் தொந்தரவு கொடுக்காத சாவு என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். கோயில்பிள்ளையின் மனைவி தங்கபுஷ்பம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முத்தாரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"நீ கூடப் போகலையா புஷ்பம்?"

"போனேன் மைனி. அவியளுக்கு ஒண்ணும் இல்லன்னு நெனச்சேன். வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லலையே."

"சொல்ல மாட்டாவ. அவிய கையில சீட்டு இருந்திருக்கு." முத்தாரி கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினாள். "ஒரு மனுசன் நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கான். ஒருத்தனுக்கும் பதறல. இதுக்குப் பேரு பொறுமையா? வலிக்குன்னு சொல்லத்தான சாமி வாயக் குடுத்திருக்கு."

கூட்டம் அவளைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டது. பாதிப் பேர் சீட்டில் இருந்தார்கள்.

மறுநாள் முதல் முத்தாரி மில்லை மத்தியானம்தான் திறந்தாள். காலையில் ஆஸ்பத்திரிக்குப் போனாள். சீட்டு வாங்காமல், பெஞ்சு பெஞ்சாக நடந்து, ஒவ்வொருவர் முகத்தையும் குனிந்து பார்த்து, உதடு வெளுத்தவரையும் மூச்சு வாங்குகிறவரையும் கண்டுபிடித்து, டாக்டர் அறை வாசலில் போய் நின்று சத்தம் போட்டாள். "டாக்டரம்மா, இந்தப் பிள்ளைக்கு வலிப்பு வாரமாதிரி இருக்கு, அந்தத் தாத்தாவ அப்புறம் பாக்கலாம்" என்பாள். தாத்தா கோபப்பட மாட்டார். முத்தாரியின் குரல் வந்த பிறகு செண்பகவல்லிக்கு நெடுநாள் கழித்து ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரிபோல இருந்தது. அவள் பாதிச் சாப்பாட்டில் எழுந்து ஓடினாள். ஊருக்குள் மட்டும் இந்த மில்லுக்காரிக்கு எதற்கு ஊர் வேலை என்று பேச்சு இருந்தது.

மாசி மாதம் ஒரு நாள் முத்தாரிக்கு வயிறு வலித்தது. தொப்புளைச் சுற்றி ஆரம்பித்து வலது பக்கமாக இறங்கி நின்றது. சூட்டு வலி என்று மோர் குடித்தாள், அடுத்த நாள் இடுப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு மிளகாய் அரைத்தாள், அதற்கடுத்த நாள் காலையில் நிமிர முடியாமல் ஆஸ்பத்திரிக்கு நடந்து போனாள். அன்றைக்குத்தான் தனக்காக முதல்முறையாகப் பால்துரையின் சன்னலில் கையை நீட்டினாள்.

"பேரு சொல்லணுமா, உனக்குத் தெரியாதா, சீக்கிரம் எழுதுலே, உயிரு போவுது" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், சீட்டு கைக்கு வந்ததும் நிறுத்தினாள். போய் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

மில் வாசலில் அரிசித் தூக்குகளோடு காத்திருந்த பெண்கள் வழியாகத்தான் விஷயம் சிவனணைந்தபெருமாளுக்குப் போனது. காற்றாலைக் காட்டிலிருந்து சைக்கிளை மிதித்து அவர் வந்து சேர்ந்தபோது நடுப்பகலாகிவிட்டது. முத்தாரி வராந்தாவின் கடைசியில் உட்கார்ந்திருந்தாள், முகம் பச்சரிசி மாவு நிறத்தில் இருந்தது, நெற்றியிலிருந்து வேர்வை இறங்கிக் கழுத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

"என்ன செய்யுது முத்தாரி?"

"வயிறுதான்."

"ரொம்ப வலிக்கா?"

"வலிக்கு." அவள் அவரைப் பார்த்துச் சிரித்தாள். "இருக்கட்டும். எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."

கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் வாயில் அவர் கேட்டிராத வார்த்தை அது. தாலி கட்டும்போதே முடிச்சைச் சீக்கிரம் போடுங்க என்று கிசுகிசுத்தவள் அவள். சிவனணைந்தபெருமாளுக்கு நெஞ்சு அடைத்தது, கண் இருட்டியது, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அதைப் பார்த்த பால்துரை சன்னலிலிருந்து இரக்கத்தோடு கூப்பிட்டான்.

"அண்ணாச்சி, நீங்களும் ஒரு சீட்டு வாங்கிக்கிடுங்க. படபடப்புன்னு எழுதுதேன். மனசு தாங்கும்."

அவர் சன்னலுக்குப் போனார். பால்துரை பேரின் முதல் எழுத்தை எழுதினான், அடைப்பு கொஞ்சம் விட்டது; இரண்டாவது எழுத்தை எழுதினான், மூச்சு சீராக வந்தது; அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்ளலாம், முறை வரும், முறை வராவிட்டாலும் அவள் பக்கத்தில்தானே உட்கார்ந்திருப்போம் என்று தோன்றியது. அது இதமாக இருந்தது. அந்த இதம்தான் அவரைப் பயமுறுத்தியது. கையைச் சன்னலுக்குள் விட்டுப் பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. நான் பொறுத்துக்கிடக் கூடாது."

வராந்தாவின் நடுவில் வந்து நின்றார். வாயைத் திறந்தார். வந்தது இருமல் அளவுக்குத்தான் இருந்தது. சத்தம் போடுவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. எங்கேயிருந்து எடுக்கவேண்டும், எவ்வளவு காற்றைச் சேர்க்கவேண்டும், கைகளை என்ன செய்யவேண்டும், எதுவும் தெரியவில்லை. மறுபடி முயன்றார், பக்கத்துப் பெஞ்சில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். முத்தாரியின் தலை சுவரில் சாய்வது தெரிந்தது. மூன்றாவது முறை அவர் அடிவயிற்றிலிருந்து எடுத்தார்.

"என் பொண்டாட்டிக்கு வலிக்கு."

வேறு ஒன்றும் சொல்லத் தெரியாமல் அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். ஒவ்வொரு முறையும் அது பெரிதானது. ஆம்புலன்ஸ் கூரையிலிருந்த கோழிகள் பறந்து இறங்கின, டீக்கடையில் தம்ளர் கழுவிக்கொண்டிருந்தவர் ரோட்டைத் தாண்டி வந்தார், துணைக்கு வந்து தூங்கிக்கொண்டிருந்தவர்கள் எழுந்து உட்கார்ந்தார்கள். கோயில்பிள்ளையின் மனைவி தங்கபுஷ்பம், வேறு யாருக்கோ மாத்திரை வாங்க வந்தவள், அவர் பக்கத்தில் வந்து நின்று தானும் கத்தினாள். "எங்க மைனிக்கு வலிக்கு." பிறகு யாரோடு யார் துணைக்கு வந்திருந்தார்களோ அவர்களெல்லாம் அவரவர் ஆளுக்காகக் கத்தினார்கள், என் மகனுக்கு வலிக்கு, எங்க ஐயாவுக்கு மூச்சு முட்டுது, எங்க அக்காவுக்கு ரத்தம் நிக்கல என்று வராந்தா முழுக்கக் குரல் எழுந்தது, கையில் சீட்டு வைத்திருந்தவர்கள் மட்டும் தங்களுக்காகப் பிறர் கத்துவதைப் பெஞ்சில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்கள், அவர்களில் சிலர் அழுதார்கள்.

செண்பகவல்லி ஓடிவந்து முத்தாரியின் வயிற்றில் கையை வைத்துப் பார்த்து, குடல்வால் வெடிக்கப்போகிறது, இப்போதே ஆபரேஷன் செய்யவேண்டும் என்றாள். ஆபரேஷன் அவளே செய்வாள், ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வியாழக்கிழமைதான் வருவார்.

"இன்னைக்குத்தான் வியாழக்கிழமை" என்றார் சிவனணைந்தபெருமாள். அன்று செவ்வாய்க்கிழமை. அவர் அதைச் சொன்ன விதத்தில் யாருக்கும் மறுக்கத் தோன்றவில்லை. செண்பகவல்லி போனை எடுத்து அந்த டாக்டரைக் கூப்பிட்டாள், அவர் நாளைக்குப் பார்க்கலாமே என்று இழுத்தார், அவள் போனை வராந்தாவின் பக்கம் நீட்டிப் பிடித்தாள். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, கிளம்பிவிட்டேன் என்றார் அவர். வெயில் தாழ்வதற்குள் வந்தார், விளக்கு வைக்கும் நேரத்தில் ஆபரேஷன் முடிந்தது.

சிவனணைந்தபெருமாளுக்குக் குரல் போய்விட்டது. அது மெல்லத் திரும்பிக்கொண்டிருந்தபோதே வெளியே ஊர் தன்னைத் திருத்திக்கொள்ளத் தொடங்கியது. சொல்லை மாற்ற முடியாது, அது தன் இரண்டு வேலையையும் பார்த்துக்கொண்டுதான் இருக்கும். அதனால் பேஷண்டாக வருகிற யாரும் தனியாக வரக்கூடாது, கூட ஒரு பொறுமையில்லாத ஆளைக் கூட்டிவரவேண்டும், ஆளில்லாதவர்களுக்கு ஊர் ஆள் கொடுக்கும் என்று ஆனது. அவர்களுக்கு என்ன பெயர் வைப்பது என்று ரெஜினா டீச்சரிடம் கேட்டார்கள். இம்பேஷண்ட் என்று ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது வெறும் பெயரடைதான், பெயர்ச்சொல்லாக யாரும் அதைப் பயன்படுத்துவதில்லை என்றார் டீச்சர்.

"நாம பயன்படுத்துவோம் டீச்சர்" என்றாள் தங்கபுஷ்பம். "அதுக்கும் ரெண்டாவது வேலை ஒண்ணு போட்டுக் குடுத்துருவோம்."

டீச்சர் கொஞ்ச நேரம் யோசித்தார். அவருக்குக் குதிகால் குணமாகி நாளாகியிருந்தது, அதனால் ரொம்ப நேரம் யோசிக்க முடியவில்லை. சரி என்றார். பேஷண்டுகளின் பெஞ்சுக்கு எதிரில் இம்பேஷண்டுகளுக்கு என்று ஒரு பெஞ்சு போட்டார்கள். அதில் யாரும் உட்காரவில்லை, எல்லோரும் அதன் முன்னால் நின்று கேள்வி கேட்டார்கள். கேடயம் இறங்கியது. ஆம்புலன்ஸுக்கு டயர் வந்தது. மாலை வரை ரத்தம் சோதித்தார்கள். சித்திரை பிறப்பதற்கு முன்னால் புதிய டாக்டர் ஒருவர் பெட்டியோடு வந்து இறங்கினார், அவர் எங்கே தங்குவார், ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்டுக்கொண்டே அவர் பெட்டியை இரண்டு பேர் தூக்கிப் போனார்கள்.

இவையெல்லாம் முடிவதற்கு முன்பு, முத்தாரி வார்டில் படுத்திருந்த நாட்களில் இன்னொன்று நடந்தது. குரல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியபோது சிவனணைந்தபெருமாள் பேச ஆரம்பித்தார். கட்டிலருகே ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காற்றாலைக் காட்டில் பார்த்ததையெல்லாம் சொன்னார். ஆடியில் இறக்கைகள் சுற்றும்போது அவற்றின் நிழல் ஆட்டு மந்தையின் மேல் விழுந்து விழுந்து போவதை, ஒரு மழைக்கு முந்தின நாள் எறும்புகள் முட்டைகளோடு காற்றாலைக் கோபுரத்துக்குள் குடிவந்ததை, மகள் கல்யாணமாகிப் போன வாரம் யாருமில்லாத காட்டில் தான் அழுததை. அவர் பேச்சு மெல்ல வரும், ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ஒரு வண்டி போகலாம். முத்தாரி கேட்டாள். கேட்கக் கேட்க, இந்த மனுசன் பேச்சு வராததால் பேசாமல் இருக்கவில்லை, தன்னுடைய வார்த்தை வந்து சேரும்வரை யாரும் நின்றதில்லை என்பதால் பேசாமல் இருந்திருக்கிறார் என்று அவளுக்குத் தெரிந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் வலித்தது. அதையும் அவளால் பொறுக்க முடிந்தது.

தையல் பிரித்த அன்று காலை நர்ஸ் டிஸ்சார்ஜ் சீட்டோடு வந்தாள். செண்பகவல்லி கையெழுத்துப் போட்டிருந்தாள், முத்தாரியின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அது விழுந்ததும் அவள் பேஷண்ட் இல்லை. வாசலில் மாவு அரைக்கவேண்டியவர்கள் வந்து நிற்பதாகவும், மில் சாவி எங்கே என்று கேட்பதாகவும் நர்ஸ் சொன்னாள்.

சிவனணைந்தபெருமாள் அப்போது ஒரு மயிலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். காற்று விழுந்துவிட்ட ஒரு மத்தியானத்தில், நின்றுபோன காற்றாலை இறக்கையின் நுனியில் வந்து உட்கார்ந்த மயில். கீழேயிருந்து அவர் கையைத் தட்டியிருக்கிறார், அது போகவில்லை. தூரத்தில் பனைமரங்கள் ஆட ஆரம்பித்தன. நர்ஸைப் பார்த்ததும் அவர் நிறுத்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்ல. கையெழுத்தப் போடு முத்தாரி, போவோம்."

முத்தாரி பேனாவை வாங்கினாள். சீட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், மூடியைத் திருப்பிப் பேனாவை மூடினாள்.

"கொஞ்சம் இருங்க சிஸ்டர். அவிய ஒரு விசயம் சொல்லிக்கிட்டு இருக்காவ. இதுல கையெழுத்துப் போட்டுட்டா என்னால இருந்து கேக்க முடியாது." பிறகு புருசன் பக்கம் திரும்பித் தலையணையை நிமிர்த்தி வைத்துச் சாய்ந்துகொண்டாள். "பனமரம் ஆடுச்சு. நீங்க மெதுவாவே சொல்லுங்க."

நர்ஸுக்கு இன்னும் நான்கு வார்டு வேலை இருந்தது. அவள் பேஷண்ட் கிடையாது. இருந்தாலும் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள். சிவனணைந்தபெருமாள் தொண்டையைச் செருமிக்கொண்டு, காற்று மேற்கேயிருந்து எப்படிப் புறப்பட்டு வந்தது என்பதிலிருந்து மறுபடி ஆரம்பித்தார்.